விளிம்பு வரை டீசல்

2019 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு, லாண்ட்ரியின் பின்முற்றத்துத் தகரக் கொட்டகையில் நின்ற வெள்ளை வேன் நான்கு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் லாண்ட்ரி அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அந்தத் தெருவில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வேன் ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பத் தெரியும், அணைக்கத் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம், அதைத்தான் செய்துவந்தாள். கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் கணவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். இருபத்தைந்து வருடம் ஆஸ்பத்திரித் துணி ஏற்றி ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்ப் பதினெட்டு மாதம் ஆகிறது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். மற்றதெல்லாம் காதுதான்.

"அணைச்சிரு! மறுபடி திருப்பாதே!" என்று அவர் கத்துவதற்கு முன்பே அவள் சாவியை உருவியிருந்தாள்.

"இன்னொரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம். மூச்சு முட்டிக் கிடக்கிறவனைப் பிடிச்சு ஓட்டப்பந்தயத்துல விடுவியா?"

அவள் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். தகரக் கூரையில் வெயில் ஏறி, டொக் டொக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

எட்டு நாள் கழித்து, மார்ச் 11, திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு அந்த வேன் பிரசவ ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நிற்க வேண்டும். அவர் கண் போனபோது அந்த ஆஸ்பத்திரி தன் விரிப்புகளை ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய மெஷின் லாண்ட்ரிக்குக் கொடுத்தது. அங்கே பச்சை விரிப்பும் வெள்ளை விரிப்பும் ஒன்றாக வெந்து, எல்லாம் பாசி நிறத்தில் திரும்பி வந்தனவாம். தலைமை நர்ஸ் தானே போன் செய்து, "அக்கா, பழையபடி நீங்களே எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். வேன் ஓட்ட அக்காவின் தம்பி ஒத்துக்கொண்டு, தான் ஓட்டிவந்த பள்ளிக்கூட பஸ்ஸின் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். வேன் ஓடினால் லாண்ட்ரி முழுதாகத் திறக்கும். ஓடாவிட்டால் மகள் இருக்கும் ஊருக்கு, அவளுடைய நான்காவது மாடி வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். மகள் தங்கமானவள். ஆனால் இந்த முற்றத்தில் சமையலறைக் கதவிலிருந்து கொட்டகைக்குப் பதினோரு அடி, கொட்டகையிலிருந்து குழாய்க்கு ஆறு அடி என்று அவருக்குக் காலே சொல்லும். நான்காவது மாடியில் காலுக்கு எதுவும் தெரியாது.

"பம்ப்பா இருக்குமோ?" என்றாள்.

"வாயைக் கழுவு" என்றார் அவர்.

அந்தக் குடும்பத்தில் பம்ப் என்றால் தண்ணீர் பம்ப் இல்லை. டாங்கிலிருந்து டீசலை இழுத்து, நசுக்கி, எஞ்சினுக்குள் ஊசிபோல் அனுப்புகிற பம்ப். அவர்களுடைய முதல் வண்டி, நீல நிற வேன், எதையும் குடிக்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசலைக் குடிக்கும், மழைத் தண்ணீர் இறங்கிய டீசலைக் குடிக்கும், குடித்துவிட்டுக் கரும்புகையாகத் துப்பிவிட்டு மலையேறும். அது வரும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். வண்டி வாசலுக்கு வரும்போது கல் சரியாகக் காய்ந்திருக்கும். 2008-இல் வாங்கிய இந்த வெள்ளை வேன் அப்படியில்லை. புகை கிடையாது, சத்தம் கிடையாது, கரிசனம் மட்டும் வேண்டும். "பழையவன் கல்லைத் தின்னு செரிப்பான். இவன் பச்சைக் குழந்தை. பாலைக் காய்ச்சி, வடிகட்டி, ஆத்திக் குடுக்கணும்" என்பார் அவர். இந்தப் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. அதன் வழியாக ஓடுகிற டீசலே அதற்கு வழுவழுப்பு. டீசல் கெட்டால் பம்ப் கெட்டது. பம்ப் உள்ளே தேய்ந்து இரும்புத்தூள் உதிர்ந்தால் அது எஞ்சின் வரை போய், டீசல் தெளிக்கிற எல்லா நுனிகளையும் அடைத்துவிடும். அப்புறம் வண்டியை எடைக்குத்தான் போடலாம்.

அதனால் அவருக்குச் சில விரதங்கள் உண்டு. பங்க்கில் டாங்கர் லாரி நின்று டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அன்று அங்கே போடமாட்டார். அடி வண்டல் கலங்கியிருக்குமாம். ஒரு முறை மகள் வயிற்றுப் பேத்திக்கு ஐந்து வயதாக இருந்தபோது, குழந்தை "ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு" என்று அழ, மூன்று பங்க்குகளைத் தாண்டிப் போனார். மூன்றிலும் லாரி. "பிள்ளை அடக்கிக்கும். பம்ப் அடக்கிக்காது" என்றார். அதற்கு அவள் அவரோடு நான்கு நாள் பேசவில்லை. பிள்ளையும் அடக்கிக்கொள்ளவில்லை.

போட்ட டீசலில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் அளவு பிடித்து, பின்சுவர் மாடத்தில் வெயிலில் வைப்பார். மறுநாள் காலை தூக்கிப் பார்ப்பார். அடியில் தண்ணீர் முத்து உருண்டால் அந்தப் பங்க்குக்கு ஒரு மாதம் தடை. வரிசையாக ஏழெட்டு பாட்டில்கள், வெயில் பட்டுத் தேன் நிறத்தில் மின்னும். இன்சூரன்ஸ்காரர் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து வந்தவர், "பழரசம் போட்டு வெச்சிருக்கீங்களா?" என்று ஒன்றைக் கையிலேயே எடுத்துவிட்டார். கணவர் ஓடிப்போய்ப் பிடுங்கியது அந்த மனிதரின் நன்மைக்கா, பாட்டிலின் நன்மைக்கா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாளே தவிர, தொட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக உதவி செய்கிறேன் என்று ஒரு விரிப்புக் கட்டைத் தூக்கிக் கொடுத்தார். மேல் விரிப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை டீசலில் அச்சாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுபது விரிப்புகளையும் திருப்பி அனுப்பினார்கள். பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கிற துணியில் டீசல் வாசனை வரலாமா? அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: டீசல் தொட்ட கை துணியைத் தொடாது, துணி தொட்ட கை டீசலைத் தொடாது. டாங்க், மூடி, பாட்டில், பில்டர் எல்லாம் அவர் கை. விரிப்பு, உறை, பெட்டி, தேய்ப்பு எல்லாம் அவள் கை. மாலையில் டீசல் போட்டுவிட்டு வருகிறவர், போலீஸ் பிடித்தவனைப் போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்கதவில் நிற்பார். அவள் முழங்கையால் குழாயைத் திறந்து சோப்புத் தண்ணீர் ஊற்றுவாள். அவர் சட்டைக்குத் தனி வாளி, தனி கொடி. அந்த வாசனையை அவள் திட்டிக்கொண்டே துவைத்தாள். அவர் ஓட்டுவதை நிறுத்தி இரண்டு மாதம் கழித்து, பீரோவில் ஒரு பழைய சட்டையில் அந்த வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை மட்டும் அவள் துவைக்கப் போடவில்லை.

பிற்பகல் தம்பி வந்தான். நாற்பது வயது, அவசரக்குடுக்கை. கையில் ஒரு சிவப்பு பாட்டில்.

"மாமா, விஷயம் கேள்விப்பட்டேன். கவலையை விடுங்க. இதை ஊத்தினாப் போதும்."

"என்னது அது?"

"டீசல்ல ஊத்துற மருந்து. தண்ணி கிண்ணி இருந்தா டீசலோட கலந்து எரிஞ்சே போயிருமாம். பில்டர், பம்ப் எல்லாத்தையும் கழுவி விட்ருமாம். பாட்டில்லயே போட்டிருக்கான், பாருங்க."

"பாக்கிறேன், குடு" என்று கையை நீட்டினார் மாமா. தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் சிரித்தார். "ஏம்மா, உன் தம்பி என்னைப் படிக்கச் சொல்றான். நீ போய்ப் படி."

அவள் படித்தாள். பாட்டிலில் பந்தயக் கார் ஒன்றின் படம் இருந்தது. தண்ணீரைக் கலக்கும், கசடைக் கரைக்கும், புதுத் தெம்பு தரும்.

"ஊத்திட்டு, விடாம நாலு தடவை சாவியைத் திருப்பினா பிடிச்சுக்கும்" என்றான் தம்பி. "சாவி எங்கே?"

"சாவி இருக்கட்டும். முதல்ல மூடியைத் திற" என்றார் மாமா. அவர் குரலில் அரை நம்பிக்கை இருந்தது. முழு நம்பிக்கைக்கு அவருக்குக் கண் வேண்டும்.

தம்பி மூடியைத் திருகப் பார்த்தான். பதினெட்டு மாதம் யாரும் தொடாத மூடி, அசையவில்லை. "கையில வேர்வை, வழுக்குது" என்று நொண்டிச் சாக்குச் சொன்னான். அக்கா அவனைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து உரமேறிய மணிக்கட்டு. மூடி ஒரு முனகலோடு கழன்றது. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் அந்த மூடியைத் தொட்டாள் என்பது மூடி கைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

குனிந்து மூக்கை வைத்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

"இது உங்க சட்டை வாசனை இல்ல."

"டீசல் வாசனைதானே வரும்?"

"வருது. அதுக்கு அடியில இன்னொண்ணு வருது. ஈரத்தோட மடிச்சு மூலையில போட்ட துணி மாதிரி. புளிச்ச வாசனை. பூஞ்சை."

அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. மழைக்காலத்தில் காயாத விரிப்பை அவசரத்தில் மடித்து அடுக்கிவிட்டால், மூன்றாம் நாள் மடிப்புக்குள் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளி எழும். வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். மூக்குதான் காட்டிக்கொடுக்கும்.

தம்பி பாட்டிலின் சீலை உடைத்துவிட்டான். "அதுக்குத்தான் அக்கா இந்த மருந்து..."

"கையை எடுடா" என்றாள். "பூஞ்சை பிடிச்ச துணியில யாராவது சென்ட் அடிப்பாங்களா? எது அடியில உக்காந்திருக்கோ அது அங்கயே உக்காரட்டும். இதை ஊத்திக் கலக்கி, எல்லாத்தையும் பம்ப்புக்கு அனுப்பப் பாக்கிறியா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையாயிரும்."

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"டாங்க்ல எவ்வளவு இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முள்ளு காலுக்குக் கீழ நிக்குது."

"காலுக்குக் கீழயா? நீ ரொப்பவே இல்லையா?"

"எங்கேயும் போகாத வண்டிக்கு எதுக்கு முழு டாங்க்? நீங்க பத்து நிமிஷம் ஓட விடு, பேட்டரி சாகாதுன்னீங்க. ஓட விட்டேன். டீசல் உங்க கை விஷயம். நீங்க சொல்லவே இல்லையே."

அவர் ஏன் தினமும் சாயங்காலம் டாங்கை விளிம்பு வரை நிரப்பினார் என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. காலி டாங்கில் காற்று இருக்கும். பகலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் தகரத்தில் வியர்த்து வழிந்து அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பூஞ்சை குடித்தனம் நடத்தும். நிரம்பிய டாங்கில் காற்றுக்கு இடமில்லை, ஈரத்துக்கும் இடமில்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒரே ஒரு சாயங்காலம்தான் அவர் நிரப்பாமல் வந்தார். கேட்டின் தூண் தெரியாமல் முட்டி, முன்விளக்கு உடைந்து, கொட்டகையில் வண்டியை விட்ட அந்தச் சாயங்காலம். அன்று நின்றது நின்றதுதான். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஆசையாக ஓடவிட்ட பத்து நிமிடம், இருந்த டீசலைக் குறைத்துக் காற்றுக்கு இடம் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க" என்றார். "எனக்குன்னே சொல்லி வெச்சிருக்காங்க."

"இன்னொண்ணு இருக்கு" என்றாள். மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னாள். "மூணு வாரமா ஒரு மஞ்சள் விளக்கு எரியுது. சின்னதா, சொட்டு மாதிரி படம். உங்ககிட்ட சொன்னா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டீங்கன்னு சொல்லல."

பில்டரில் தண்ணீர் சேர்ந்தால் எரிகிற விளக்கு அது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, பதினோரு அடி நடந்து, வீட்டுக்குள் போய்விட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சொட்டு வந்தார். பம்ப் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் முதலில் "ஒரு சொட்டு குடுங்க" என்று கேட்பதால் அந்தப் பெயர். நீல வேன் காலத்திலிருந்தே பழக்கம். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அதைத் தேடிக்கொண்டே வேலை செய்வார்.

"டிரைவரே, வண்டிக்கு இருமலாமே?" என்றார் வாசலிலேயே.

"வந்து நாடி பிடிச்சுப் பாரு. எனக்கு இப்போ காது மட்டும்தான்."

"காது போதும். கண்ணு இருக்கிறவன்தான் அப்பப்போ ஏமாறுறான். மூணு வருஷமா நான் இந்தக் கண்ணாடியைத் தேடுறேன்."

ஒரு குழாயை டாங்கின் அடிவரை விட்டு, கண்ணாடி ஜாடியில் இழுத்தார். ஜாடியைக் கொட்டகைக்கு வெளியே வெயிலில் வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கால் மணி நேரத்தில் அது மூன்றாகப் பிரிந்தது. மேலே மங்கிய டீசல், அடியில் தெளிவான தண்ணீர், நடுவில் ஈரமான கறுப்புத் தோல் ஒன்று.

"அக்கா மூக்குக்கு ஒரு மாலை போடணும்" என்றார் சொட்டு. "அந்தச் சிவப்பு பாட்டில் எங்கே? ஊத்தலியே?"

"ஊத்த விடல" என்றான் தம்பி.

"பிழைச்சீங்க. மருந்துல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு தண்ணியைப் பிரிச்சு அடியில தள்ளும். நாம திறந்து விட்ரலாம். இன்னொண்ணு கலக்கி மேல அனுப்பும். நம்ம நீல வண்டிக்கு எதை ஊத்தினாலும் ஏப்பம் விட்டுட்டுப் போயிரும். இதுக்கு இவ்வளவு தண்ணியைக் கலக்கி அனுப்பியிருந்தா இரும்பும் இரும்பும் உரசி, இந்நேரம் நாம கருமாதிச் சாப்பாடு பேசிக்கிட்டிருப்போம்."

பில்டரைக் கழற்றினார். உள்ளே காகித மடிப்புகள் தெரியவில்லை. கறுப்புக் கூழ் அப்பி, கல்லாகியிருந்தது. அதைத் தம்பியிடம் நீட்டினார். "ஊதிப் பாரு." தம்பி ஒரு துணியை நடுவே வைத்துக் கன்னம் வீங்க ஊதினான். காற்று போகவில்லை.

"இதனாலதான் இருமியிருக்கு. டீசலே போகல. அழுக்கே கதவைச் சாத்தியிருக்கு. ஆனா சாத்துறதுக்கு முன்னாடி, அந்த மஞ்சள் விளக்கு எரிஞ்ச மூணு வாரத்துல, எவ்வளவு தண்ணி உள்ளே போச்சுன்னு பம்ப்பைத் திறந்தாத்தான் தெரியும்." சொட்டு பெயருக்கு ஏற்றபடி இடைவெளி விட்டுச் சொன்னார். "தேய்ஞ்சிருந்தா உள்ளே இரும்புத்தூள் மினுங்கும். ஜிகினா மாதிரி. ஒரு சிட்டிகை இருந்தாலும் முடிஞ்சது. இருந்தா மறைக்காம சொல்லிருவேன்."

சொட்டு பம்ப்பின் வாயிலிருந்த சின்ன வால்வைக் கழற்றத் தொடங்கினார். அவர் பையிலிருந்து எடுத்த துணி எண்ணெய்யில் ஊறி, நரைத்து, எந்த நிறம் என்று சொல்ல முடியாமல் இருந்தது. அதை விரித்துப் பார்த்தார். "இதுல யானையே விழுந்தாலும் தெரியாது. வெளுத்த துணி ஏதாச்சும் இருக்கா?"

தம்பி பழைய செய்தித்தாள் எடுக்க எழுந்தான். அக்கா அதற்குள் உள்ளே போயிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் விரிப்பு குறைந்தால் கொடுக்கவென்று தானே வாங்கி எடுத்துவைத்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவினாள். ஞாயிற்றுக்கிழமை தேய்த்தது, மடிப்பு கத்தியாக இருந்தது. கொண்டுவந்து, வெயில் விழுகிற சிமென்ட் தரையில் உதறி விரித்தாள். சரக்கென்று அது விரிந்த சத்தத்தில் அவர் தலை திரும்பியது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா?

"ஏய், என்ன பண்றே? அது விரிப்பு."

"ஆமா."

"டீசல் படும்."

"படட்டும்."

"அக்கா, இந்தக் கறை போகாது" என்றார் சொட்டு. அவருக்கும் அந்த வீட்டுச் சட்டம் தெரியும். கையை விரிப்புக்கு மேல் நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"கறையைப் பத்தி எனக்கா சொல்றீங்க? விடுங்க."

சொட்டு வால்வை விரிப்பின் நடுவில் தட்டினார். பிறகு பம்ப்பின் உள்ளே தேங்கியிருந்த டீசலைச் சின்ன ஊசிக்குழாயில் உறிஞ்சி, பக்கத்தில் விட்டார். தேன் நிற வட்டம் ஒன்று மெல்லப் பரவியது. இழை இழையாக, விரிப்பின் நெசவைப் பிடித்துக்கொண்டு, ரூபாய் அளவு, தட்டு அளவு. அக்கா முழங்காலில் உட்கார்ந்து குனிந்தாள். சொட்டு நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தரையெல்லாம் தேடினார்.

"என்ன தெரியுது?" என்றார் அவள் கணவர்.

"இருங்க."

"மினுங்குதா?"

"இருங்கன்னா இருங்க. அவசரத்துக்குக் கறை பாக்க முடியாது."

கறை பார்ப்பது அவள் தொழில். ரத்தக் கறையா துருக் கறையா, மருந்தா மஞ்சளா என்று வெயிலில் சாய்த்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கி வெயிலுக்குச் சாய்த்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். தூள் இருந்தால் ஒரு கோணத்திலாவது கண் சிமிட்ட வேண்டும். கறுப்பாக இரண்டு துணுக்குகள் இருந்தன. ஆள்காட்டி விரலால் ஒன்றைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். நறநறக்கவில்லை. மாவாகக் கரைந்தது. இரண்டாவதையும் தேய்த்தாள். அதுவும் கரைந்தது.

"கூழ்தான்" என்றாள். "இரும்பு இல்ல."

தம்பி சொட்டின் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தான். சொட்டு ஒரு காந்தத்தை எடுத்து வட்டத்தின் மேல் இரண்டு முறை நகர்த்தினார். காந்தத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "பம்ப் உசிரோட இருக்கு டிரைவரே."

அவர் ஸ்டூலில் அப்படியே இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயால் நீளமாக மூச்சு விட்டார். பிறகு, "என் பாட்டிலெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

"மாடத்துலதான் இருக்கு. தூசு பிடிச்சு."

"கழுவி வைக்கணும்."

"நானா? துணி தொட்ட கை" என்றாள்.

"உன் கையை இப்போ மோந்து பாரு."

அவள் மோந்து பார்த்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் டீசல். புளித்த வாசனை கொஞ்சம் இருந்தது. அதற்கு மேல், பீரோவில் இருக்கும் அந்தச் சட்டையின் வாசனை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு பின்கதவுப் பக்கம் போனாள். குழாயடியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க. இங்க கை தூக்கிக்கிட்டு நிக்கிறேன்."

"யாரு?"

"நான்தான். வந்து தண்ணி ஊத்துங்க."

கொட்டகையிலிருந்து குழாய்க்கு ஆறு அடி. அவர் வந்தார். குழாயை முழங்கையால் திறக்கப் பார்த்து, இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை திறந்தார்.

"சோப்பு போட்டுக் கழுவு" என்றார். "ஆஸ்பத்திரித் துணி தொடுற கை."

"உத்தரவு முதலாளி."

சொட்டும் தம்பியும் சேர்ந்து டாங்கை இறக்கினார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்ட தம்பிக்கு, "தண்ணியைத் துரத்தத் தண்ணியா?" என்று பதில் கிடைத்தது. நல்ல டீசலாலேயே இரண்டு முறை அலசி, கவிழ்த்து, ஒன்றரை நாள் வெயிலில் காயப்போட்டார்கள். அது விரிப்புகள் காயும் கொடிக்குக் கீழே, ஒரு பெரிய தகர ஆமையைப் போலக் கிடந்தது. குழாய்களை ஊதித் துடைத்தார்கள். புது பில்டர் போட்டார்கள். மிச்சமிருக்கும் பூஞ்சையைக் கொல்கிற மருந்தைச் சொட்டு தன் அளவுக் குப்பியில், நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, இரண்டு தடவை சரிபார்த்து ஊற்றினார். "மருந்து மருந்தா இருக்கணும். சோறா ஆயிரக் கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் சாவியைத் திருப்பினாள். முதல் முறை வரவில்லை. கீழே குனிந்து கைப்பம்ப்பை நாலு அழுத்து அழுத்திக் காற்றை வெளியேற்றினார் சொட்டு. இரண்டாவது முறை எஞ்சின் பிடித்தது. மஞ்சள் விளக்கு எரிந்து, அணைந்தது. கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிடமும் கேட்டார்.

"எப்படி இருக்கு மாமா?" என்றான் தம்பி.

"நீல வண்டி சத்தம் மாதிரி வராது" என்றார். "ஆனா நல்லா இருக்கு."

சிவப்பு பாட்டிலைத் தம்பி கடையில் திருப்பிக் கொடுக்கப் போனான். சீல் உடைந்ததை வாங்கமாட்டோம் என்றார்கள்.

கறை பட்ட விரிப்பை அக்கா மூன்று முறை துவைத்தாள். வட்டம் வெளிறியது, போகவில்லை. அதை நாலாகக் கிழித்து, கொட்டகையில் ஆணியில் மாட்டினாள்.

மார்ச் 11, திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேன் பிரசவ ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நின்றது. ஓட்டியது தம்பி. எழுபத்திரண்டு விரிப்புகள் ஏறின. மாலை ஐந்தே முக்காலுக்கு, பங்க்கில் டாங்கர் லாரி இல்லை என்று பார்த்துக்கொண்டு, தம்பியோடு போன அக்கா டாங்கை விளிம்பு வரை நிரப்பினாள். ஒரு பாட்டில் பிடித்து மாடத்தில் வைத்தாள். அவளுடையது இப்போது டீசல் தொட்ட கை; அன்றைய துணிக்கட்டுகளைத் தம்பி இறக்கினான்.